ஈரம் காயாத பேரீச்சை வால்நட் லோஃப்: எந்த இடத்தில் கவனம் வேண்டும்?

கேள்வி: அடுப்பங்கரை (லெஸ்டர், இங்கிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள ஆங்கிலேயர் வீடுகளில் மாலைத் தேநீரோடு துண்டு போட்டு, மேலே வெண்ணெய் தடவிக் கொடுக்கும் பேரீச்சை வால்நட் லோஃபைப் (நீள்சதுர ரொட்டி டின்னில் வேகவைக்கும் கேக்) பற்றி இக்குழுவில் உள்ள அனுபவசாலிகளிடம் கேட்க விரும்புகிறேன். எங்கள் தெருவில் வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர் செய்யும் லோஃப் ஏறக்குறைய கறுப்பு நிறத்தில் இருக்கும். செய்து நான்கு நாள் ஆன பிறகும் கத்தியில் லேசாக ஒட்டிக்கொண்டு, வாயில் போட்டால் பழத்தின் சாறு தெரியும். அவர் அளவுகளைக் கண்ணாலேயே கணித்துப் போடுபவர் என்பதால், எழுதிக்கொள்ளும்படியான குறிப்பு எதுவும் அவரிடமிருந்து கிடைக்கவில்லை.

நான் செய்யும் முறை இது. நறுக்கிப் பொட்டலத்தில் விற்கும் பேரீச்சை 225 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்துவிடுகிறேன். வெண்ணெய் 100 கிராமைச் சர்க்கரையோடு நுரைக்கக் குழைத்து, இரண்டு முட்டை, 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மைதா), கடைசியாகப் பேரீச்சையும் வால்நட்டும் சேர்த்து, 180 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம், குத்திய குச்சி சுத்தமாக வரும்வரை வேகவைக்கிறேன். அன்று மாலை உண்ண நன்றாகவே இருக்கிறது. மறுநாள் வெட்டினால் ஓரங்கள் உதிர்கின்றன. மூன்றாம் நாள் தேநீரில் தோய்க்காமல் உண்ண இயலாது. வெண்ணெயைக் கூட்ட வேண்டுமா, எண்ணெய்க்கு மாற வேண்டுமா, அல்லது பால் சேர்க்க வேண்டுமா?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. வால்நட் துண்டுகளைச் சுற்றிச் சில சமயம் ஊதா நிறம் படர்கிறது. கடைசியில் ஒரு கசப்பும் தங்குகிறது. ஊரிலிருந்து வரவிருக்கும் என் மாமியார் முட்டை சேர்த்துக்கொள்ளாதவர். அவருக்காக முட்டையில்லாமலும், முடிந்தால் ஓவன் இல்லாமல் ஆவியிலும் இதைச் செய்யலாமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.


மறுமொழி: கோதுமைமணி (கோயம்புத்தூர்)

சகோதரி, வணக்கம். நீங்கள் கேட்ட மூன்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இந்த லோஃபின் ஈரம் வெண்ணெயிலும் பாலிலும் இல்லை. அது பேரீச்சையை ஊறவைக்கும் பாத்திரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வடித்துக் கொட்டும் அந்தப் பழுப்பு நீரிலேயே உங்கள் தெரு அம்மையாருடைய லோஃபின் ஈரத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது.

பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை உண்டு. மென்மையான இரகங்களில் அது பெரும்பாலும் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் இருக்கிறது. இவை, குறிப்பாக ஃபிரக்டோஸ், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. பழம் முழுத் துண்டாக மாவில் கிடந்தால் அந்தச் சர்க்கரை துண்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். சுற்றியுள்ள கேக்கிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளவும் செய்யும். உங்கள் லோஃப் மறுநாள் உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழம் கரைந்து மாவெங்கும் பரவினால், அதே சர்க்கரை கேக் முழுவதிலும் ஈரத்தைப் பிடித்து நிறுத்தும். ஆகவே பழத்தின் பாதியையாவது கூழாக்க வேண்டும். ஊறிய நீரை ஒரு சொட்டு விடாமல் மாவில் சேர்க்க வேண்டும்.

இதற்குத்தான் நம் வீட்டில் ஆப்ப சோடா என்று சொல்லும் சோடியம் பைகார்பனேட் தேவைப்படுகிறது. பழத்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். காரத்தன்மை உள்ள வெந்நீரில் அந்தப் பிணைப்பு தளர்கிறது. வெறும் வெந்நீரில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் விறைப்பாகவே இருக்கும் தோல், சோடா சேர்த்த கொதிநீரில் கால் மணி நேரத்தில் விரலால் நசுக்கினால் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். அதே காரத்தன்மை, வேகும்போது சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறம் மாறும் வினையையும் விரைவுபடுத்துகிறது. நீங்கள் கண்ட கறுப்பு நிறமும், லேசான காரமல் மணமும் அதிலிருந்தே வருகின்றன.

நான் கடைப்பிடிக்கும் அளவுகளைச் சொல்கிறேன். கொட்டை நீக்கிய பேரீச்சை 250 கிராம் எடுத்து, வெந்நீரில் நனைத்த கத்தரிக்கோலால் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, அகலமான பாத்திரத்தில் போடுங்கள். மேலே ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம், ஆப்ப சோடாவைத் தூவுங்கள். அதன் மேல் 240 மில்லிலிட்டர் கொதிக்கும் நீரை ஊற்றியதும் நுரை பொங்கும். அதனால்தான் பாத்திரம் பெரியதாக இருக்க வேண்டும். 80 கிராம் வெண்ணெயை வில்லைகளாக வெட்டி அந்தச் சூட்டிலேயே போட்டுவிட்டால் தானாக உருகிவிடும். குழைக்கும் வேலை இல்லை. மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டுச் சுடச்சுட முட்டையை ஊற்றினால் அது திரிந்துபோகும்.

ஆறியதும் முள்கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் போட வேண்டாம் என்பது என் அழுத்தமான எண்ணம். எல்லாம் ஒரே கூழாகிவிட்டால் வெட்டும்போது பழத்துண்டு கண்ணில் படாது, உண்ணும்போதும் சலிப்புத் தட்டும். பாதி கூழாகவும் பாதி மெல்லும்படியும் இருப்பதே இதன் அழகு. பிறகு 120 கிராம் கரும்பழுப்புச் சர்க்கரை, அடித்த இரண்டு முட்டை, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். அங்கே மஸ்கோவாடோ கிடைக்கும்; இங்கே நான் நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடுகிறேன். கடைசியாக 225 கிராம் மைதாவையும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்துப் போட்டு, வெள்ளை மறையும்வரை மட்டும் மடித்துக் கலந்து, உடைத்த வால்நட் 100 கிராமைச் சேர்த்து நிறுத்திவிடுங்கள். செல்ஃப் ரெய்சிங் மாவாக இருந்தால் பேக்கிங் பவுடர் வேண்டாம். சோடா மட்டும் இருக்கட்டும். மாவு தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து கட்டியாகச் சரிந்து விழும் பதத்தில் இருக்கும். நீர் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றினாலும் மாவைக் கூட்டாதீர்கள்.

சோடா ஒன்றே போதாதா என்று சிலர் கேட்பார்கள். கொதிநீர் பட்டதும் சோடாவின் ஒரு பகுதி வாயுவை அங்கேயே வெளியேற்றிவிட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஆகவே கேக்கை உப்பவைக்கும் வேலையை அதை மட்டும் நம்பி ஒப்படைக்க முடியாது. பேக்கிங் பவுடர் துணைக்கு வேண்டும். அதற்காகச் சோடாவின் அளவைக் கூட்டினால் சோப்பு வாடை வரும், நாவில் ஓர் உவர்ப்பும் நிற்கும். 250 கிராம் பழத்துக்கு ஒரு சமத் தேக்கரண்டியே உச்சவரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓவன். நீங்கள் சொன்ன 180 பாகை இந்த மாவுக்கு அதிகம். சர்க்கரை மிகுந்த மாவு என்பதால் வெளிப்புறம் விரைவில் கறுத்து இறுகிவிடும். உள்ளே வேகக் காத்திருக்கும் நேரத்தில் ஓரங்கள் காய்ந்துவிடும். சாதாரண ஓவனில் 165 முதல் 170 பாகை, விசிறி ஓடும் ஓவனில் 150 பாகை போதும். 900 கிராம் கொள்ளும் லோஃப் டின்னின் அடியிலும் நீண்ட பக்கங்களிலும் பட்டர் பேப்பர் போட்டு, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். நாற்பது நிமிடம் கழித்து மேற்புறம் நிறம் ஏறியிருந்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடிவிடுங்கள். மொத்தம் 55 முதல் 65 நிமிடம் ஆகும்.

குச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில்தான் பலருடைய லோஃப் காய்ந்துபோகிறது. இந்தக் கேக்கில் குச்சி ஒருபோதும் முழுச் சுத்தமாக வராது, வரக் கூடாது. குத்திய இடத்தில் பேரீச்சைக் கூழ் இருந்தால் குச்சியில் பழுப்பாக, பளபளப்பாக, இழையாக ஒட்டும். வேகாத மாவு ஒட்டினால் அது வெளிறி, மங்கலாக, விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருக்கும். இந்த வேறுபாட்டை விரல் நுனியில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. இரண்டு இடங்களில் குத்திப் பாருங்கள். ஈரத் துணுக்குகள் மட்டும் ஒட்டினால் எடுத்துவிடுங்கள். உணவு வெப்பமானி இருந்தால் இன்னும் எளிது: நடுப்பகுதி 96 பாகையைத் தொட்டதும் வெளியே எடுக்கலாம்.

எடுத்த பிறகு டின்னிலேயே பத்து நிமிடம் இருக்கட்டும். பின்பு கம்பித்தட்டில் மாற்றி, இளஞ்சூடு மட்டும் மீந்திருக்கும்போதே பட்டர் பேப்பரில் இறுகச் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளையும் சுற்றி, ஒரு நாள் வெட்டாமல் வையுங்கள். மொறுமொறுப்பாக இருந்த மேலோடு அந்த ஒரு நாளில் இளகி, விரல் வைத்தால் ஒட்டும் தன்மைக்கு வந்துவிடும். முதல் நாளைவிட இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சுவை கூடி நிற்கும் கேக்குகளில் இதுவும் ஒன்று.


அடுப்பங்கரை (லெஸ்டர்)

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி ஐயா. ஊறிய நீரை வடிக்கக் கூடாது என்பதும், குச்சியில் ஒட்டுவது மாவா பழமா என்று பார்க்க வேண்டும் என்பதும் நான் எந்தக் குறிப்பிலும் படிக்காதவை. ஒரு துணைக் கேள்வி: இங்கே கடைகளில் பேரீச்சை பல வகையாகக் கிடைக்கிறது. பெரிய மெட்ஜூல், கிறிஸ்துமஸ் சமயத்தில் நீளப் பெட்டியில் வரும் டெக்லெட் நூர், செங்கல் போல அழுத்திக் கட்டிய பேரீச்சைக் கட்டி, நான் வாங்கும் நறுக்கிய பொட்டலம். இவற்றில் எது தகுந்தது? வெறும் வெந்நீருக்குப் பதில் தேநீரில் ஊறவைக்கலாமா?


மறுமொழி: கோதுமைமணி (கோயம்புத்தூர்)

அழுத்திக் கட்டிய கட்டிதான் என் முதல் தேர்வு. விலை குறைவு, கொட்டை நீக்கியது, ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் விரைவில் கரையும். ஆனால் சில வேளைகளில் கொட்டையோ காம்போ தப்பி உள்ளே கிடக்கும். கையால் பிரித்துப் பார்த்துவிட்டே ஊறவையுங்கள். டெக்லெட் நூர் அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் பெரிதும் விளையும் இரகம். மற்ற மென்மையான இரகங்களைப் போலன்றி அதில் நாம் காப்பியில் போடும் சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸ் கணிசமாக உண்டு, சதையும் சற்று உலர்ந்தது. நல்ல மணம் உள்ளது என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை. ஊறும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். மெட்ஜூலை இதில் போடுவது எனக்கு மனம் ஒப்பாத செயல். அதை அப்படியே உண்பதே அதற்குரிய மரியாதை.

நறுக்கிய பொட்டலத்தைப் பொறுத்தவரை, துண்டுகள் ஒட்டாமல் இருப்பதற்காக அரிசி மாவையோ வேறு மாவையோ தூவியிருப்பார்கள். பொட்டலத்தின் பின்புறம் எழுதியிருக்கும். துண்டுகளும் நன்றாக உலர்ந்திருக்கும். அவற்றையே பயன்படுத்துவதானால் சோடா கலந்த கொதிநீரில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். நீரையும் இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: ஈரானிலிருந்து கறுப்பாக, மெதுமெதுவென்று பெட்டியில் வரும் கிமியா வகையை வாங்கினால் பழம் எளிதில் கரையும், தோலும் மெல்லியது, ஆனால் அதிலேயே ஈரம் அதிகம் என்பதால் நீரை 200 மில்லிலிட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தேநீரில் தாராளமாக ஊறவைக்கலாம். பால் சேர்க்காத, நன்கு இறங்கிய தேநீராக இருக்கட்டும். தேயிலையின் துவர்ப்பு பேரீச்சையின் திகட்டலைக் குறைக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும் என்பது மட்டும் மாறாது.


மறுமொழி: மலைத்தோட்டம் (குன்னூர்)

வால்நட் பற்றிய பகுதிக்கு நான் விடை சொல்கிறேன். அக்ரூட் பருப்பை ஆண்டு முழுவதும் வாங்கிப் பயன்படுத்தும் வீடு எங்களுடையது.

ஊதா நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். வால்நட்டின் மேல் இருக்கும் மெல்லிய பழுப்புத் தோலில் துவர்ப்புத் தரும் டேனின் வகைப் பொருள்கள் நிறைய உண்டு. ஈரமான மாவில் அவை கசிந்து, வேகும்போது சுற்றியுள்ள பகுதிக்கு ஊதா கலந்த சாம்பல் நிறத்தைத் தருகின்றன. சோடாவின் காரத்தன்மை அந்த நிறத்தை இன்னும் ஆழப்படுத்தும். உடலுக்குத் தீங்கு ஏதும் இல்லை. மேலே சொன்ன முறையில் செய்தால் லோஃபே கறுத்திருக்கும், அந்த ஊதா கண்ணுக்குத் தெரியாது. கசப்பின் ஒரு பகுதியும் அதே தோலிலிருந்துதான் வருகிறது. ஆனால் "கடைசியில் தங்கும் கசப்பு" என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பருப்பு பழையதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வால்நட்டின் எடையில் 65 விழுக்காடு அளவுக்குக் கொழுப்பு. அதிலும் பெரும்பகுதி லினோலிக், லினோலெனிக் அமிலங்களாக இருப்பதால் காற்றும் வெளிச்சமும் பட்டால் முந்திரியைவிடவும் பாதாமைவிடவும் விரைவில் சிக்குப் பிடித்துவிடும். ஐரோப்பிய ஓவியர்கள் வண்ணம் குழைக்க வால்நட் எண்ணெயைப் பயன்படுத்தியதற்குக் காரணமே, அது காற்றோடு சேர்ந்து இறுகிக் காயும் எண்ணெய் என்பதுதான். அதே வினை பொட்டலத்துக்குள் மெல்ல நடக்கும்போது நமக்குக் கசப்பாகத் தெரிகிறது. கடையில் வாங்கியதும் ஒரு பருப்பை இரண்டாக ஒடித்து, ஒடித்த முகத்தை முகர்ந்து பாருங்கள். நல்ல பருப்பில் பால் கலந்தாற்போன்ற இனிய மணம் இருக்கும். உட்புறம் வெளிறிய தந்த நிறத்தில் இருக்கும். பெயிண்ட் வாடையோ, ஒடித்த முகத்தில் மஞ்சளோடிய கண்ணாடித் தன்மையோ இருந்தால் அதை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது.

வாங்கும் காலமும் முக்கியம். கலிஃபோர்னியாவிலும் காஷ்மீரத்திலும் செப்டம்பரை ஒட்டித்தான் அறுவடை தொடங்குகிறது. தென்கோளத்தில் இருக்கும் சிலி நாட்டுப் பருப்பு மார்ச்சு, ஏப்ரலில் அறுவடையாகிறது. ஆகவே கோடையில் வாங்குபவர்கள் பொட்டலத்தில் நாட்டின் பெயரைப் பார்த்து வாங்கினால் புதுப் பருப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அலமாரியில் கண்ணாடிப் புட்டியில் அழகாக அடுக்கி வைப்பது வால்நட்டுக்கு ஏற்றதன்று.

மாவில் போடுமுன் 165 பாகையில் எட்டு நிமிடம் வறுத்தெடுங்கள். லோஃபை வைப்பதற்கு முன் ஓவனைச் சூடாக்கும் நேரத்திலேயே இதை முடித்துவிடலாம். பின் சுத்தமான பருத்தித் துணியில் கொட்டி, துணியை முடிந்து கசக்கினால் தோலில் பாதி உதிர்ந்து துணியோடு தங்கிவிடும். முழுவதும் போக வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்சம் துவர்ப்பு இந்தத் தித்திப்புக்குத் தேவை. கத்தியால் பொடியாக நறுக்காமல் கையால் மூன்று நான்காக ஒடித்துப் போடுங்கள். பொடியானால் தூள் முழுவதும் மாவில் கலந்து கசப்பைப் பரப்பும். ஒரு கைப்பிடியை எடுத்துவைத்து, மாவை டின்னில் ஊற்றிய பின் மேலே தூவினால் அவை மொறுமொறுப்பாக நிற்கும்.


மறுமொழி: ஆவிப்பானை (மயிலாடுதுறை)

முட்டையில்லாத முறைக்கும் ஆவியில் செய்வதற்கும் என் பங்கு இது. எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. ஆகவே இந்தக் கேக்கை நான் அறிந்ததே அவ்வாறுதான்.

கோதுமைமணி அவர்கள் கொடுத்த அளவில் இரண்டு முட்டைக்குப் பதிலாக 120 கிராம் கெட்டித் தயிரும் இரண்டு மேசைக்கரண்டி மணமில்லாத எண்ணெயும் சேருங்கள். புளித்த தயிராக இருந்தால் நல்லது. ஊறவைத்ததில் மீந்திருக்கும் காரத்தைத் தயிரின் புளிப்பு ஈடுகட்டி, கொஞ்சம் வாயுவையும் தரும். இதனால் சோப்பு வாடை வரும் வாய்ப்பும் குறையும். நீர் அளவை 200 மில்லிலிட்டராக்கிக்கொள்ளுங்கள். தயிர் சேர்த்ததும் மாவைக் காக்கவைக்காமல் உடனே ஓவனில் வைக்க வேண்டும். முட்டை தரும் பிடிப்பு இதில் இல்லை என்பதால் துண்டு சற்று அடர்த்தியாக இருக்கும். வெட்டும்போது மெல்லியதாக வெட்ட ஆசைப்படாமல் விரல் தடிமனுக்கு வெட்டுங்கள். பேரீச்சைக் கூழே பெருமளவுக்குப் பிணைப்பைத் தருவதால், மற்ற பல கேக்குகளைவிட இதில் முட்டை இல்லாத குறை மிகக் குறைவாகவே தெரியும். தயிரும் சேர்க்காதவர்கள், ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளி விதையை மூன்று மேசைக்கரண்டி நீரில் குழைத்து ஊறவைத்துச் சேர்க்கலாம். அப்போது வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயையே முழுவதும் பயன்படுத்தலாம்.

ஆவியில் செய்வதைப் புதுமை என்று எண்ண வேண்டாம். ஆங்கிலேயரின் பழைய புட்டிங்குகள் பல, கிண்ணத்தில் ஊற்றித் துணியோ தாளோ கட்டி ஆவியில் வேகவைக்கப்பட்டவைதாம். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை ஷாரோ பே விடுதியில் ஃபிரான்சிஸ் கூல்சன் பரிமாறிப் பெயர்பெறச் செய்த ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கும் பேரீச்சையைக் கொண்டு செய்வதுதான்; உங்கள் லோஃபுக்கு நெருங்கிய உறவு.

மேலே சொன்ன அளவில் சரிபாதி எடுத்துக்கொண்டால் ஒரு லிட்டர் கொள்ளும் கிண்ணத்துக்குப் போதும். எவர்சில்வர் கிண்ணமோ பீங்கான் கிண்ணமோ எதுவானாலும் உள்ளே வெண்ணெய் தடவி, அடியில் வட்டமாக ஒரு பட்டர் பேப்பர் போட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் ஊற்றுங்கள். மேலே மூடும் பட்டர் பேப்பரின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு வைத்து மூடுங்கள். கேக் உப்பும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். அதன் மேல் அலுமினியத் தாள், அதைச் சுற்றி நூல். இட்லிப் பானையிலோ, குண்டு போடாத குக்கரிலோ, கிண்ணத்தின் பாதி உயரத்துக்குக் கொதிநீர் இருக்கும்படி வைத்து, மிதமான தீயில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். முதல் அரைமணி நேரத்துக்கு மூடியைத் திறக்காதீர்கள். அதன்பின் நீர் குறைந்தால் கொதிக்கும் நீரையே ஊற்றுங்கள்; பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி நடுப்பகுதி அமுங்கிவிடும். மூடியில் சேரும் நீர் சொட்டாமல் இருக்க, இட்லிக்குச் செய்வது போல மூடியைத் துணியால் கட்டிக்கொள்ளலாம்.

ஆவி 100 பாகையைத் தாண்டாது என்பதால் மேலோடு உருவாகாது, ஓரம் காயாது. ஈரம் என்ற ஒன்றை மட்டும் கருதினால் ஓவனைவிட இதுவே சிறந்தது. ஆனால் ஓவனில் வரும் கருகல் மணம் கிடைக்காது. அந்தக் குறையைத் தீர்க்க 60 கிராம் வெண்ணெய், 100 கிராம் கரும்பழுப்புச் சர்க்கரை, 150 மில்லிலிட்டர் க்ரீம் மூன்றையும் நான்கு நிமிடம் கொதிக்கவைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சூடாக மேலே ஊற்றுங்கள். வால்நட்டை இந்த முறையில் மாவுக்குள் போட வேண்டாம். ஆவியில் அது நைந்துவிடும். வறுத்து வைத்திருந்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள்.


மறுமொழி: வெள்ளவத்தை (கொழும்பு)

இலங்கையில் நாங்கள் செய்யும் பேரீச்சம்பழக் கேக்கும் இதே வழியில் செல்வதால் ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். பழத்தைச் சிறிதாக வெட்டி, அப்பச்சோடாவைத் தூவி, சூடான பிளேன் டீயை (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றிச் சில மணி நேரம் மூடிவைப்பது இங்கு பல வீடுகளில் வழக்கம். கோதுமை மாவோடு ரவையும் சேர்ப்பார்கள், வால்நட்டுக்குப் பதில் கஜு (முந்திரி) போடுவார்கள். ரவை நீரை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்வதால் கேக் பல நாள்களுக்கு உலராது. உங்கள் லோஃபில் 225 கிராம் மாவில் 50 கிராமைக் குறைத்து, அந்த அளவுக்கு மெல்லிய ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, மசித்த பழக்கலவையில் இருபது நிமிடம் ஊறவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஊறவிடாமல் போட்டால் நறநறவென்று பல்லில் படும் என்பதால் அந்த இருபது நிமிடத்தைக் கைவிட வேண்டாம். ஒரு சிட்டிகை ஏலக்காயும் கிராம்புத் தூளும் பேரீச்சைக்கு மிகவும் இசைவானவை.


அடுப்பங்கரை (லெஸ்டர்)

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. அழுத்திய பேரீச்சைக் கட்டியும் புது வால்நட்டும் வாங்கிவிட்டேன். மாமியாருக்குத் தயிர் சேர்த்த ஆவிப் புட்டிங்கையும், எங்களுக்குத் தேநீரில் ஊறவைத்த லோஃபையும் செய்யப்போகிறேன். கடைசியாக ஒன்று: மீந்ததைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?


மறுமொழி: கோதுமைமணி (கோயம்புத்தூர்)

குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். மாவுப்பொருள் இறுகிப் பழையதாவது, அறை வெப்பத்தைவிடக் குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் விரைவாக நடக்கும். நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த ஈரம் உள்ளேயே இருந்தாலும் கேக் விறைத்துத் தோன்றும். லெஸ்டரின் தட்பவெப்பத்தில் இறுகச் சுற்றி டப்பாவில் வைத்தால் ஐந்து நாள் தாராளமாக இருக்கும். இங்கே சித்திரை வெயிலில் மூன்றாம் நாளே பூஞ்சை எட்டிப்பார்க்கும் என்பதால் நாங்கள் இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைக்கிறோம். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால், துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மூன்று மாதம்வரை சுவை மாறாது. வேண்டிய துண்டை எடுத்து, சுற்றியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்தால் போதும். தோசைக்கல்லில் இருபுறமும் லேசாக வாட்டி வெண்ணெய் தடவினால் ஓரத்துச் சர்க்கரை மீண்டும் மொறுமொறுப்பாகும்.

ஆவியில் செய்த புட்டிங்கை மட்டும், க்ரீம் ஊற்றிய பிறகு மீந்தால், குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே மீண்டும் ஆவியில் சூடாக்கி முடித்துவிடுங்கள்.